காதுக்குப் பின்னால் ஒரு நிறம்

ஜெசிந்தா அழுத்தும்வரை பச்சையாக இருந்த பொட்டு, பூபதி கை வைத்ததும் மஞ்சளாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது.

"நகம் கிகம் படுதா?" என்று கேட்டான்.

"இல்லடா, நல்லாத்தான் இருக்கு. நீ பாட்டுக்கு அழுத்து" என்றாள் தாரணி. முகத்தில் சிரிப்பு இருந்தது. குரலில் ஒரு சுணக்கமும் இல்லை. அவளுடைய இடது காதுக்குப் பின்னால், சட்டைப் பொத்தான் அளவில் ஒட்டியிருந்த பொட்டு மட்டும் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

பூபதி ஜெசிந்தாவை நிமிர்ந்து பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து அக்குபிரஷர் செய்கிறவள் அவள், மார்த்தாண்டத்துக்காரி. "முத நாளுதானே சார். கை பழகணும். நீங்க நல்லாத்தான் செய்யுதீங்க" என்றாள். ஆனால் அவளும் பொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாரணியின் ஸ்கூட்டர் சங்கனூர் பாலத்தருகே மணலில் சறுக்கியது போன தை மாதம். ஹெல்மெட் உயிரைக் காப்பாற்றியது. தலைக்குள் ரத்தம் கட்டி, ஆபரேஷன் முடிந்து, கண் விழித்து, பேசி, நடந்து, மாசி முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெயர், ஊர், படித்த கல்லூரி, பீரோ சாவி இருக்குமிடம் எதுவும் மறக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சாமி புண்ணியம் என்றார்கள். அசதி ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. தலை வாரிக்கொண்டிருக்கும்போதே சீப்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்வாள். சாப்பிட உட்கார்ந்தால் பாதித் தட்டில் கண் செருகும். பூபதி ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், அதுவரை நன்றாக இருந்தவள் துவண்டுபோவாள்.

நரம்பியல் டாக்டர் ஹபீப் இதை விளக்கினார். "உங்க வீட்டம்மாவோட மூளை முன்னாடி நல்ல ரோட்டுல போன வண்டி. இப்ப அதே இடத்துக்கு மண்ரோட்டுல சுத்திப் போகுது. போய்ச் சேர்ந்துடுது. ஆனா பேட்டரி சீக்கிரம் தீருது. சாதாரணக் களைப்புன்னா தூங்கி எந்திரிச்சாப் போயிடும். இது போகாது."

"அக்குபிரஷர் அந்தக் காயத்தை ஆத்துமாங்க?"

"ஆத்தாது. களைப்பைக் குறைக்கும். சிலருக்கு நல்லா, சிலருக்குக் கொஞ்சம். எந்தப் புள்ளி, எவ்வளவு அழுத்தம்னு முன்னாடி குத்துமதிப்பாத்தான் செஞ்சாங்க. இப்பப் பொட்டு அவங்க மூளை எவ்வளவு உழைக்குதுன்னு பார்த்து, லேசுன்னா பச்சை, பாரம்னா சிவப்புன்னு காட்டிடும். அழுத்தற ஆளோட கையுறை, சரியான இடத்துக்கு வந்தா விரல் நுனியில இளஞ்சூடாகும். அவ்வளவுதான் விஷயம்."

"மெஷினை வச்சே அழுத்தலாமே?"

"செஞ்சு பார்த்தாங்க. பாதிப் பலன்தான் கிடைச்சுது. மனுஷக் கை அழுத்தினா முழுசா வருது. ஏன்னு இன்னும் யாருக்கும் தெரியல" என்றார் டாக்டர். "அதனாலதான் வீட்டு ஆளுங்களுக்கே சொல்லிக் கொடுக்கறோம். நெருங்கினவங்க கைக்கு மதிப்பு அதிகம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பூபதி மனதில் போட்டுக்கொண்டு வந்தான். அதனால்தான் அவனுக்குக் குழப்பம்.

அவன் பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தான். ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது அன்றாட வேலை. கைப்பக்குவம் இல்லாத ஆள் இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை, மணிக்கட்டின் உட்புறம், முழங்காலுக்குக் கீழே, பிடரியில் மண்டையோடு முடிகிற இரண்டு குழிகள் என்று எல்லா இடங்களையும் சீக்கிரமே பழகிக்கொண்டான். கையுறை சூடாகி, சரி, சரி என்று ஒவ்வொரு தடவையும் சொன்னது. பொட்டு ஒவ்வொரு தடவையும் சிவந்தது.

ஒரு நாள் ஜெசிந்தா தன் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டை ஒட்டிக்கொண்டு, "எனக்கு அழுத்துங்க சார், பாப்போம்" என்று கையை நீட்டினாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பில் மஞ்சளாக இருந்த அவளுடைய பொட்டு, அவன் அழுத்த அழுத்தத் தெளிந்து பச்சையானது.

"அப்ப உங்க கையில ஒரு கொறையும் இல்ல" என்றாள்.

"பின்ன?"

"தெரியல சார்."

அதற்குப் பிறகு அவன் அழுத்தாத நேரத்திலும் பொட்டைப் பார்க்க ஆரம்பித்தான். தாரணியால் அதைப் பார்க்க முடியாது; மற்றவர்களுக்குத்தான் தெரியும். பார்சல் கொண்டுவந்த பெண்ணிடம் வாசலில் நின்று வெயிலைப் பற்றிப் பேசினாள், பச்சை. தண்ணீர் மோட்டார் பார்க்க வந்த ஆளுக்கு மோர் கொடுத்து, அவருடைய மகளின் படிப்பை விசாரித்தாள், பச்சை. பொள்ளாச்சியிலிருந்து அண்ணன் நந்தகுமார் இளநீர்க் குலையோடு வந்தான். தாரணியைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன். "வாடா அண்ணா" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு. பூபதியின் அம்மா வீடியோவில் கூப்பிட்டு, "சாப்பிட்டியா கண்ணு" என்றாள். அதற்கும் சிவப்பு.

யாரோ ஒருவர் என்றால் பச்சை, தன் ஆள் என்றால் சிவப்பு. இது என்ன கணக்கு என்று அவனுக்குப் புரியவில்லை. நெருங்க நெருங்க அவளுக்கு மூச்சு முட்டியது. எல்லோரையும்விட நெருங்கியவன் அவன்தான்.

ஆஸ்பத்திரியில் பொட்டு மாற்றப் போகிற நாட்களில் காத்திருக்கும் கூடத்தில் இதே பேச்சுதான். ஒரு வீட்டில் மாமனார் வந்தால் மருமகனுக்குச் சிவக்கிறது என்று பெரியவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். இன்னொரு அம்மாள், தலையில் அடிபட்டது கணவனுக்குத்தான் என்றாலும் தனக்கும் ஒரு பொட்டு வேண்டும் என்று கேட்டுச் சண்டை போட்டாளாம். "நான் எத்தனை வருசமாச் சிவப்புல இருக்கேன்னு வீட்டுல எல்லாரும் பார்க்கட்டும்." கேட்டவர்கள் சிரித்தார்கள். பூபதியால் சிரிக்க முடியவில்லை. பக்கத்தில் தாரணி கூந்தலைத் தளர்த்தி, காதை மறைத்துப் பின்னியிருந்தாள். எப்போதும் இழுத்து வாரிக் கொண்டை போடுகிறவள்.

வைகாசியில் அவள் அரைநாள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். கிராஸ்கட் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து, மூக்குக்கண்ணாடி பொருத்துகிற வேலை. வேண்டாம், களைத்துப்போவாள் என்றான் பூபதி. டாக்டர் போய்ப் பார்க்கட்டுமே என்றார். ஒரு நண்பகலில் சாப்பாடு கொடுக்கிற சாக்கில் அவன் கடைக்குப் போனான்.

வெளியிலிருந்தே தெரிந்தது. ஒரு பெரியவருக்கு ஃபிரேம் மாட்டி, சற்றுப் பின்னால் போய்ப் பார்த்து, "சினிமா வில்லன் மாதிரி இருக்கீங்க, இது வேண்டாம்" என்று கழற்றினாள். பெரியவர் குலுங்கிச் சிரித்தார். குனிந்தபோது கூந்தல் ஒதுங்கியது. தளிர் இலைபோலப் பச்சை. விபத்துக்குப் பிறகு அவளை இவ்வளவு உயிரோடு அவன் பார்த்ததில்லை.

அவள் நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் நிற்கிற அவனைக் கண்டாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு சிரித்தாள். கல்லூரி வாசலில் அவனைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு, இடது கன்னத்துக் குழியோடு. எந்தக் குறையும் சொல்ல முடியாத சிரிப்பு. அந்தச் சிரிப்பு விரிய விரிய, அவளுக்குப் பின்னால் இருந்த நிலைக்கண்ணாடியில் பொட்டு மஞ்சளாகிச் சிவந்தது.

டிபன் கேரியரைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ சுற்றினான். அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லையா? அதை மறைக்கிறாளா? அப்படியென்றால் அண்ணனையும் பிடிக்கவில்லையா? பிடிக்காதவன் தோளிலா டிவி பார்க்கும்போது சாய்வாள்?

மறுநாள் ஜெசிந்தாவிடம் கேட்டேவிட்டான். "சொல்லுங்க. அவளுக்கு என்னைப் பிடிக்கலையா?"

"சார், பிடிக்குது பிடிக்கலன்னு சொல்லுத கருவியில்ல இது" என்றாள் ஜெசிந்தா. "எவ்வளவு உழைக்குதுன்னு மட்டுந்தான் சொல்லும். உங்க கூட இருக்கும்போ அவங்க மூள ஏதோ பெரிய வேல பாக்குது."

"என்ன வேலைங்க? சும்மா படுத்திருக்கா. நான் கையைப் பிடிச்சு அழுத்தறேன். லோடே இல்லாம மோட்டார் சூடாகுமா?"

"அத நீங்க அவங்ககிட்டல்ல கேக்கணும்."

கேட்கத்தான் தைரியம் வரவில்லை. கேட்டு, அவள் ஏதாவது சொல்லிவிட்டால்?

அடுத்த சனிக்கிழமை முற்பகல். தாரணி கண்களில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு, இடது காது தெரியத் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தாள். ஜெசிந்தா கால்மாட்டில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தாள். போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரி அழைப்பு. ஜெசிந்தா சத்தமில்லாமல் எழுந்து பால்கனிக்குப் போனாள்.

பூபதி மேசையிலிருந்த தன் கையுறையை மாட்டிக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தான். யோசித்துச் செய்யவில்லை. ஜெசிந்தா விட்ட இடத்தில் விரலை வைத்தான். தாரணி அசையவில்லை. விரல் நுனி சூடானது. அழுத்தினான். பொட்டு பச்சையாகவே இருந்தது. இன்னொரு காலுக்கு மாறினான். பச்சை இன்னும் துலங்கியது. அவளுடைய மூச்சு நீண்டு, தாடை தளர்ந்தது.

என் கைதான். என் கைக்கும் பச்சை வருகிறது. அழுத்தத்தை மாற்றாமல் பொட்டையே பார்த்தான். சந்தோஷமா என்று யாராவது கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

பால்கனிக் கதவு திறந்தது. "ஐயோ சார், நீங்களா அழுத்துதீங்க?"

பூபதியின் விரல் இம்மியும் நகரவில்லை. அழுத்தம் கூடவில்லை, குறையவில்லை. அவன் கண்ணெதிரில் பச்சை அணைந்து சிவப்பு ஏறியது.

தாரணி துணியை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அவனையும் கையுறையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப என்ன கலர்?" இத்தனை நாளில் அவள் அதைக் கேட்டதே இல்லை.

"சிவப்பு."

"அதுக்கு முன்னாடி?"

"பச்சை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஜெசிந்தா, கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

ஜெசிந்தா வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏமாத்தணும்னு செய்யல" என்றான் பூபதி. "எனக்குப் பைத்தியம் பிடிக்குது தாரணி. என்னன்னு சொல்லிடு. என்கூட வாழப் பிடிக்கலைன்னாலும் சொல்லு, தாங்கிக்கிறேன். இப்படி ஒண்ணும் தெரியாம இருக்க முடியல."

"பிடிக்கலைன்னு இல்ல." அவள் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "நீ யாருன்னு எனக்குத் தெரியும். பூபதி. என் புருஷன். நாம கல்யாணம் பண்ணினது, வாடகை வீட்டுல இருந்தது, எல்லாம் தெரியும். யாராவது கேட்டா ஒண்ணு விடாமச் சொல்லுவேன். ஆனா உன்னைப் பார்க்கும்போது உள்ள ஒருத்தரும் 'ஆமா, இவன்தான்'னு சொல்ல மாட்டேங்கறாங்க. பாடம் படிச்ச மாதிரி தெரியுது. அவ்வளவுதான்."

"ஆஸ்பத்திரில கண் முழிச்சப்ப என் பேரைத்தானே சொன்னே?"

"நீ அழுதுட்டு நின்னே. தெரிஞ்ச மாதிரி இல்லைன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நினைச்சேன். அண்ணன் வந்தான், அதே மாதிரி. அத்தை வந்தாங்க, அதே மாதிரி. எல்லாரும் அவ்வளவு ஆசையாப் பார்க்கறீங்க. நீ வேலைக்குப் போனதும் நம்ம பழைய வீடியோவெல்லாம் போட்டுப் பார்ப்பேன். தாரணி எப்படிச் சிரிப்பா, எங்க கையை வைப்பா, எந்தக் கோபத்துக்கு என்ன சொல்லுவான்னு. நீ வந்ததும் அதைச் செய்வேன். தோள்ல சாயறதுக்கு முன்னாடி, இப்பச் சாயணுமான்னு யோசிக்கணும். 'டா' போடறதுக்கு முன்னாடி யோசிக்கணும்." அவள் நிமிர்ந்தாள். கண்கள் நிறைந்திருந்தன. "உங்களை 'நீ'ன்னு கூப்பிடறதே எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமாங்க?"

அந்த 'உங்களை'யில்தான் பூபதிக்கு எல்லாம் புரிந்தது. மூன்று வருடக் காதலிலும் எட்டு வருடக் கல்யாணத்திலும் அவள் அவனை ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. இப்போது அது எந்தச் சிரமமும் இல்லாமல், மூச்சுபோல வந்தது.

டாக்டர் ஹபீப் ஆச்சரியப்படவில்லை. முகத்தை அடையாளம் காண்பது ஒன்று, அது நம்முடையது என்று உணர்வது வேறொன்று. இரண்டாவதற்கான வழி அறுந்திருக்கலாம் என்றார். திரும்பி வருமா என்று கேட்டதற்குக் கையை விரித்தார். "வரலாம். வராமலும் இருக்கலாம். ஆனா ஒண்ணு சொல்றேன். அவங்க களைப்புல பெரும் பங்கு காயத்தால வந்தது இல்ல. நாளெல்லாம் நடிச்சதால வந்தது. அதை நிறுத்துங்க முதல்ல."

நிறுத்தினார்கள். சொல்வதற்கு எளிது. வீட்டுக்கு வந்ததும் நடுக்கூடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்படி ஆரம்பிக்கறது?" என்றாள் அவள்.

"என் பேரு பூபதிங்க. பம்பு கம்பெனில வேலை."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கன்னக் குழி விழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவன் முன்பு பார்த்திராத சிரிப்பு. "நான் தாரணி. கண்ணாடிக் கடை."

படுக்கை தனி அறைக்குப் போனது. காலையில் எழுந்தால் "தூங்கினீங்களா?" மாலையில் "வாங்க, டீ போடட்டுமா?" அவன் அழுத்தியபோது பொட்டு பச்சையாக இருந்தது. வாரம் போகப் போக அழுத்தாதபோதும் பச்சையாக இருந்தது. அவள் முழுத் தட்டும் சாப்பிட்டாள். தலையை இழுத்து வாரிக் கொண்டை போட்டாள். கடைக்கு முழுநாளும் போனாள். குணமாகிவிட்டாள் என்று ஊர் சொன்னது. அவளைத் தேற்றியதற்கு அவன் கொடுத்தது என்ன என்று ஊருக்குத் தெரியாது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத நாட்கள் உண்டு.

வேடிக்கை என்னவென்றால் அவன் அம்மாவுக்கு இதில் பரம திருப்தி. "என்ற பையனை இத்தனை வருசமா வாடா போடான்னு கூப்பிட்டுட்டு இருந்தா. இப்பத்தான் மருவாதை வந்திருக்குது" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டாள். நந்தகுமாரால்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் வந்தவன், உட்காராமல் பூபதியைக் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்கு இழுத்துப் போனான்.

"என்ன மாப்ளே இது? 'வாங்க, உட்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா'ங்கறா என்னைப் பார்த்து. நான் என்ன கரண்டு பில்லு பார்க்க வந்தவனா?"

"அவளுக்கு அதுதான் சுலபமா இருக்கு மச்சான்."

"சுலபமா இருந்தாப் போதுமா? முன்னாடி நடிச்சான்னு சொல்றீங்க. நடிக்கட்டுமே. நடிச்சாலும் பரவால்ல, எனக்கு என் தங்கச்சி வேணும்."

"அந்த நடிப்புக்கு அவ கொடுத்த விலை உங்களுக்குத் தெரியாது மச்சான். நான் தினமும் பார்த்தேன்."

நந்தகுமார் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உங்களுக்குப் பழகிடுச்சு" என்றான், கிளம்புகிறபோது. அதைக் குற்றமாகத்தான் சொன்னான்.

பழகிவிட்டதா? பூபதிக்குத் தெரியவில்லை. மாலைகளில் அவள் கேள்வி கேட்பாள். "சின்ன வயசுல என்னவா ஆகணும்னு நினைச்சீங்க?" "உங்களுக்கு எதுக்குப் பயம்?" பழைய தாரணிக்கு இதையெல்லாம் கேட்கத் தேவை இருந்ததில்லை. அவளுக்கு அவனைத் தெரியும். தெரியும் என்பதனாலேயே கேட்டதில்லை. இவளுக்குத் தெரியாது. அதனால் கேட்டாள், பதில் வரும்வரை காத்திருந்தாள். அப்பா இறந்த அன்று தனக்கு அழுகைக்கு முன்னால் ஒரு நிம்மதி வந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இவளிடம் சொன்னான். அவள் திடுக்கிடவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லி, முறுக்குத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். சத்தமாகச் சிரித்துப் பேசி, சபையைக் கலகலப்பாக்குகிற பழைய பூபதி இந்த வீட்டுக்குள் மெல்ல மெல்ல வாய் மூடிக்கொண்டான். அவனை யாரும் தேடவில்லை.

ஐப்பசியில் ஜெசிந்தா கடைசி முறையாக வந்தாள். தாரணியின் பொட்டை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றைப் பூபதியின் காதுக்குப் பின்னால் ஒட்டினாள்.

"எனக்கு எதுக்குங்க?"

"பாத்துக்கிட்டவங்களுக்கும் ஒரு வாரம் ஒட்டிப் பாக்கணும் சார், அதான் மொறை. அவங்க தேறி வரும்போ, கூட இருந்தவங்க விழுந்துபோவாங்க."

தானும் சிவப்பில்தான் இருப்போம் என்று அவன் நினைத்தான். இருக்க வேண்டும் என்றுகூட நினைத்தான். மனைவியை இழந்தவன் அல்லவா?

"பச்சைங்க" என்றாள் தாரணி, மாலை டீயோடு வந்து எட்டிப்பார்த்து. மறுநாளும் பச்சை. அம்மாவோடு பேசும்போது மஞ்சள். கம்பெனி மேலாளர் வந்தபோது சிவப்பு என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்தார்கள். வீட்டுக்கு வந்து, அவளெதிரில் உட்கார்ந்ததும் மறுபடி பச்சை. அவனுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, தாரணிக்கு ஏதோ துரோகம் செய்ததுபோலவும் இருந்தது. எந்தத் தாரணிக்கு என்று யோசித்தால் தலை சுற்றியது.

அந்த வாரத்தின் கடைசியில் மாலை மழை பிடித்துக்கொண்டது. கடையிலிருந்து அவளைக் கூட்டிவரக் குடையோடு போனான். கிராஸ்கட் ரோடு முழுக்கக் குடைகள். எதிர்ச் சாரியில், நெரிசலில், சாலையைக் கடக்க முடியாமல் நின்றான். கடைக்குள் அவள் முதுகு காட்டி நின்று, அலமாரியில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுக்கிக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்தினாள். திரும்பினாள். நேராக அவனைப் பார்த்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு மழையில் இறங்கி, வண்டிகளுக்கு நடுவே ஓடிவந்தாள். "டேய்!" என்றாள். மூச்சு வாங்கியது. "டேய் பூபதி, நீதான்டா. நான் பார்க்கவே இல்ல. நீ வந்து நின்னது முதுகுலயே தெரிஞ்சுது. உள்ள தெரிஞ்சுதுடா!"

குடை எங்கோ விழுந்தது. நடுத்தெருவில் கட்டிக்கொண்டு இருவரும் அழுதார்கள். அவன் அழுகை பொய்யில்லை. இந்த நாளுக்காக எத்தனை கோவில் வாசலில் நின்றிருக்கிறான்.

பக்கத்து பேக்கரிக்குள் ஒதுங்கினார்கள். டீ வந்தது. அவள் ஓயவில்லை. அண்ணனுக்கு உடனே போன் பண்ணி அழவைத்தாள். பிறகு இவன் பக்கம் திரும்பி, கல்லூரி கேண்டீன், வாடகை வீட்டுக்காரரின் நாய், ஊட்டியில் தொலைத்த செருப்பு என்று கொட்டித் தீர்த்தாள். எல்லாமே "நீ", எல்லாமே "டா". பட்டாசு வெடித்ததுபோல இருந்தது. அவன் தலையாட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"அந்த நாய் துரத்தினப்ப வீட்டுக்காரர்கிட்ட என்னடா சொன்னே? சொல்லு, சொல்லு. உன் வாயால கேட்கணும்."

இந்த இடத்தில் பூபதி என்ன சொல்லுவான் என்று அவன் யோசித்தான். சத்தமாக ஏதோ சொல்லுவான். கையை உயர்த்துவான். மேசையைத் தட்டுவான். தேடியதில் கிடைத்தது. "'வாடகை வாங்க நீங்க வரலைன்னா நாயை அனுப்புவீங்களா சார்?'" என்றான், குரலை உயர்த்தி, மேசையைத் தட்டி. சரியாகவே வந்தது.

தாரணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் தலையிலிருந்த மழைத் துளிகளைத் தட்டிவிடக் கையை நீட்டினாள். ஈரமுடி காதோரம் ஒதுங்கியது. அவள் கை அங்கேயே நின்றது. சிரிப்பு உதட்டில் இருந்தது. கண்கள் மட்டும் அவன் காதுக்குப் பின்னால், பொட்டில் நின்றுவிட்டன.

"என்ன கலர்?" என்றான் பூபதி.

அவள் கையைக் கீழே இறக்கினாள். இரண்டு டீ தம்ளர்களையும் ஓரமாகத் தள்ளிவைத்தாள். அவனுடைய வலது கையை எடுத்து மேசைமேல் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தன் விரலால் தடவித் தடவி அந்த இடத்தைத் தேடினாள். கையுறை இல்லாததால் கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆனது.

"என்ன கலர் தாரணி?"

"கலரை விடுங்க" என்றாள் அவள், மெதுவாக அழுத்திக்கொண்டு. "ஒண்ணும் பேச வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா இருங்க."